நூறு ரூபாய் அபராதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தீர்ப்பளித்தது. தாய் இருப்பது மதுரையில், தகப்பன் இருப்பது கரூரில். வழக்கு முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் குழந்தையைக் கரூருக்குக் கொண்டுபோய்த் தகப்பனுக்குக் காட்ட வேண்டும் என்பது அதுவரை இருந்த ஏற்பாடு. போக வர 300 கிலோமீட்டர். தகப்பன் பார்க்கும் உரிமையில் உச்ச நீதிமன்றம் கை வைக்கவில்லை. சந்திப்பை மட்டும் மதுரைக்கு மாற்றியது. பொது இடத்தில், தாய் சற்றுத் தள்ளி இருக்க, தகப்பன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். பெற்றோரின் உரிமைகளை அளக்கப் போய்க் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைக்க முடியாது என்று அது காரணம் சொன்னது.

தீர்ப்பு சரியானது. ஆனால் கோவில்பட்டியில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவருக்கு நிம்மதியைவிட மலைப்புதான் மிஞ்சும். ஒரு குழந்தை எந்த ஊரில் தகப்பனைப் பார்ப்பது என்பதை முடிவு செய்ய டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் வாரக் கூலி வாங்குகிற பெண்ணோ, லோடு ஆட்டோ ஓட்டுகிற ஆணோ அவ்வளவு தூரம் போக முடியுமா? கோவில்பட்டியிலிருந்து மாவட்டத் தலைநகரான தூத்துக்குடி ஏறத்தாழ 60 கிலோமீட்டர், உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் மதுரை ஏறத்தாழ 100. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் அன்றைய கூலி போயிற்று. போய்ச் சேர்ந்தபின் வாய்தா என்றால் இன்னொரு நாள் கூலியும் போயிற்று.

பிரிந்துவிட்ட கணவனும் மனைவியும் பிள்ளையைப் பங்கிட்டு வளர்ப்பதைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. பெரும்பாலும் இருவருமே ஓரளவு ஒத்துப்போவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்படுபவை அவை. ஒருவர் ஒத்துழைக்க மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதே இங்கே என் கேள்வி. இந்த வட்டாரத்துக் குடும்பத்துக்குத் திறந்திருக்கும் வாசல்கள் ஊர்ப் பஞ்சாயத்து, காவல் நிலையம், நீதிமன்றம் என்ற மூன்று. பிள்ளையைப் பெற்றோர் இருவர் பொறுப்பிலும் விடும், இனி வரப்போவதாகச் சொல்லப்படும் கூட்டுக் காவல் சட்டம் நான்காவது. இவற்றில் எது குழந்தைக்கு உதவும், எது உதவாது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், ஒத்துழையாமை எல்லாம் ஒரே வகை அல்ல. குடித்துவிட்டு அடித்தவனிடம் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயந்து ஒரு தாய் மறுக்கிறாள். நகையும் சீர்வரிசையும் திரும்பி வரட்டும் என்று பிள்ளையைப் பிணையாக வைத்து மறுக்கிற வீடும் இருக்கிறது. தன்னை விட்டுப் போனவளுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்றே பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடும் தகப்பனும் உண்டு. நான்காவது ஒருவன் சண்டையே போடுவதில்லை. திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டு ஜீவனாம்சமும் அனுப்பாமல், சாதிச் சான்றிதழுக்கு ஒரு நகல் கேட்டால்கூடப் போனை எடுக்காமல் இருந்துவிடுவான். முதலாமவளைக் கடைசி மூவரோடு ஒரே தட்டில் வைப்பது அநியாயம். பயத்தால் மறுப்பவருக்குப் பாதுகாப்பு தேவை, பழிக்காக மறுப்பவருக்குத் தண்டனை. இந்த வேற்றுமையைக் கண்டுபிடிக்காத எந்த ஏற்பாடும் முதல் நாளே தோற்றுவிடும்.

இன்னொன்றையும் வெளியூர் நிபுணர்கள் கவனிப்பதில்லை. கரிசல் கிராமங்களில் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே செய்துகொண்ட திருமணங்கள் ஏராளம். கணவன் மனைவி பிரிந்தால் அண்ணன் வீடும் தங்கச்சி வீடும் பிரிகின்றன. எதிர்த்தரப்பில் இருப்பது ஒரு ஆள் அல்ல, ஒரு வீடு. பிள்ளையை அனுப்ப மறுப்பது பல நேரம் பெற்றவளாகவோ பெற்றவனாகவோ இருப்பதில்லை. "எம் பேரனை அந்த வீட்டுப் படி ஏற விடமாட்டேன்" என்று உட்கார்ந்திருக்கும் ஆச்சி, தங்கச்சிக்காக வரிந்துகட்டி நிற்கும் மாமன் என இவர்கள்தான் கதவைச் சாத்துகிறார்கள். நீதிமன்ற ஆணையில் இவர்கள் பெயர் இருப்பதில்லை. காது குத்த மாமன் மடி வேண்டும், முடியெடுக்கத் தகப்பன் வழிக் குலதெய்வம் வேண்டும். பிள்ளை இரண்டு வீட்டுக்கும் உரியது என்பதைச் சடங்கு ஒப்புக்கொள்கிறது, சண்டை ஒப்புக்கொள்வதில்லை.

இனி முதல் வாசலுக்கு வருவோம். ஊர்ப் பஞ்சாயத்தை ஏளனமாகப் பேசுவது படித்தவர்களுக்குச் சுலபம். நான் அப்படிப் பேச மாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவைச் சொல்ல இந்த வட்டாரத்தில் அதனால் மட்டுமே முடியும். பேசுகிறவர்களுக்கு இரண்டு வீட்டையும் தெரியும். எவன் குடிக்கிறான், எவள் பொய் சொல்கிறாள் என்று சாட்சி தேட வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டதை மீறினால் நாளைக்கு ஒரு காரியத்துக்கு நாலு பேர் வரமாட்டார்கள் என்ற பயம், எந்த நோட்டீசையும் விட வலுவானது.

ஆனால் அங்கே பேசுகிறவர்கள் யார்? பெரும்பாலும் ஆண்கள். பெண்ணின் பேச்சை அவளுடைய அண்ணனோ அப்பனோ பேசுகிறார். ஆண்பிள்ளை அப்பனோடு, பெண்பிள்ளை ஆத்தாளோடு என்று உடன்பிறந்தவர்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நியாயம் செய்ததாக எழுந்துபோகும் வழக்கம் உண்டு. முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் பத்திரத்தில் 'இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை' என்ற வரிக்குள் பிள்ளையின் படிப்புச் செலவும் சாப்பாடும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. பிள்ளைக்கு உரிய ஜீவனாம்சத்தைத் தாய் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்பது அங்கே யாருக்கும் சொல்லப்படுவதில்லை. சாதி மாறித் திருமணம் செய்தவர்களுக்கோ அந்த வாசலே கிடையாது, அங்கே போய் நிற்பதே ஆபத்து. ஆக, பஞ்சாயத்தின் வேகமும் உள்ளூர் அறிவும் தேவை. முடிவெடுக்கும் அதிகாரத்தை அதனிடம் கொடுக்கக் கூடாது.

காவல் நிலையத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் நிற்கும் தாய்க்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போம்மா" என்பதுதான். அது முழுக்கக் கைகழுவல் அல்ல. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி தகப்பன் இயற்கைக் காப்பாளன். எதிராக நீதிமன்ற ஆணை ஏதும் இல்லாதபோது தன் பிள்ளையைத் தானே கூட்டிப்போனவன்மேல் கடத்தல் வழக்குப் போடுவது கடினம். அடி, மிரட்டல், குழந்தைக்கு ஆபத்து என்றால் அங்கே போகத்தான் வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கத்தான் வேண்டும். மற்றபடி நிலையத்தில் இரண்டு தரப்பிடமும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும் தாள், அடுத்த சண்டை வரைக்கும்தான் தாங்கும்.

மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாமே என்று வக்கீல்கள் சொல்வார்கள். 2004 ஜூலையில் அந்தக் கிளை வந்தது தென்மாவட்டங்களுக்குப் பெரிய வரம். பால்குடிக் குழந்தையைத் தாயிடமிருந்து பிடுங்கி மறைத்துவிட்டால் அந்த மனுவே சரியான ஆயுதம். ஆனால் பிள்ளையை வைத்திருப்பவருக்கு அதற்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லாத அரிய சூழலில்தான் இந்த மனு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாக்கிவிட்டது. மூன்று ஞாயிறாகப் பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்கெல்லாம் அது உதவாது.

மிஞ்சுவது நீதிமன்றம். சட்டத்தின் கொள்கையில் எனக்குக் குறை இல்லை. 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 17ஆவது பிரிவு குழந்தையின் நலனை முன்வைத்தது. விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றது, எல்லாவற்றுக்கும் மேலே நலனே முதன்மை என்றும் 13ஆவது பிரிவில் சொன்னது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டென்றாலும் 1890ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாருக்கும் பொது.

இந்தக் கொள்கையைக் கூர்மையாக்கியதில் தமிழ்நாட்டு வழக்குகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பிற்காலத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்த சிறுவனையும் அவர் தம்பியையும் திரும்பக் கேட்டு, அவர்களுடைய தகப்பனார் நாராயணையா அன்னிபெசன்ட் மேல் போட்ட வழக்கு செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர் வென்றார். 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. தள்ளியதற்கு ஒரு காரணம், அந்தச் சிறுவர்களையே யாரும் கேட்கவில்லை என்பது. 1973இல் சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்ல என்றும், காவல் ஆணை எதுவும் என்றைக்கும் முடிந்த முடிவல்ல, சூழல் மாறினால் மாற்றலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. தகப்பனுக்குப் பிறகே தாய் காப்பாளர் என்ற வாசகத்தை 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் தளர்த்தி, தகப்பன் உயிரோடு இருந்தும் பிள்ளையைப் பொறுப்பேற்காத நிலையிலும் தாய் காப்பாளராகலாம் என்று விளக்கியது. திருப்பூருக்குப் போய்த் தொடர்பறுத்துக்கொண்ட தகப்பனின் பிள்ளைக்கு வங்கிக் கணக்கு தொடங்கவும் பள்ளியில் கையெழுத்துப் போடவும் இன்றைக்குத் தாய்க்குத் துணை நிற்பது அந்தத் தீர்ப்புதான். எந்தத் தலைமையாசிரியராவது "அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது" என்றால் அந்தத் தாய் தயங்காமல் அந்தத் தீர்ப்பைச் சொல்லலாம்.

ஆக, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்திடம் நல்ல பதில் இருக்கிறது. யாரிடம் இல்லையோ அவரைப் பிள்ளை எப்படிப் பார்க்கும், மற்றவர் மறுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அங்கேதான் சட்டத்தின் கை குட்டை.

இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். இந்துத் திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில் 2001இல் ஒரு திருத்தம் வந்தது. பிள்ளையின் பராமரிப்பு, படிப்பு பற்றிய இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பிள்ளையைப் பார்க்கும் மனுவுக்கு அந்தக் கெடு இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் தகப்பன் முகமோ தாய் முகமோ காட்டாமல் இருந்தால் அது மறந்தே போகும். பிறகு வந்து, "பிள்ளை உங்களைப் பார்த்தாலே அழுகிறது" என்று சொல்லி அதையே காரணமாக்குவார்கள். தாமதமே ஒத்துழைக்காதவருக்கு வெற்றியாகிவிடுகிறது.

இரண்டாவது, அபராதம். குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றம் ஆணையிட்டும் நிறுத்தாதவருக்கு 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு விதிக்கும் தொகை 100 ரூபாய்க்கு மிகாத அபராதம். விடாப்பிடியாக மறுத்தால் நாளொன்றுக்கு 10 ரூபாய். மொத்தம் 500 ரூபாயைத் தாண்டக் கூடாது. சிவில் சிறையும் அந்தப் பிரிவில் உண்டு, நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் தனியே உண்டு. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயையோ தகப்பனையோ சிறைக்கு அனுப்ப எந்த நீதிபதியும் லேசில் துணியமாட்டார், துணியவும் கூடாது. சிறைக்கும் 100 ரூபாய்க்கும் நடுவே சட்டத்தில் உருப்படியாக எதுவும் எழுதப்படவில்லை.

இந்த மண்ணுக்கு இதைவிடத் தெளிவாகப் புரிகிற ஒரு கணக்கு உண்டு. 1996 டிசம்பரில், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலைசெய்தது பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொகை குழந்தைத் தொழிலாளர் மறுவாழ்வு, நல நிதிக்குப் போக வேண்டும் என்றது. விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோன காலத்தை இந்த வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் நன்றாக அறிவார்கள், எழுத்தாளர் பூமணி 'கருவேலம் பூக்கள்' படத்தில் காட்டியதும் அதைத்தான். 1986லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருந்தது. எழுத்து மட்டும் அதை மாற்றவில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் சிறப்புப் பள்ளி, போய்ப் பார்க்க ஆய்வாளர், உறைக்கிற அபராதம், இந்த வேலைக்கென்றே பொறுப்பான ஆள் என்று சேர்ந்த பிறகுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். காவல் ஆணைக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஆணை போட்ட நீதிபதி அடுத்த வழக்குக்குப் போய்விடுகிறார். அது புழுதி விதைப்பு மாதிரி. மழை வரும் என்று நம்பி விதைத்தாயிற்று, வராவிட்டால் விதையும் போயிற்று.

நல்ல எண்ணத்தால் மட்டும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது என்பதற்கு 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒன்று பாடம். பிள்ளையைப் பார்க்க வரும் பிரிந்த கணவனை விருந்தாளியாக மதித்துச் சிற்றுண்டியும் இரவு உணவும் கொடுக்க வேண்டும் என்று தனி நீதிபதி ஒருவர் ஆணையிட்டார். பிள்ளை கண்முன் பெற்றோர் மரியாதையாக நடக்க வேண்டும் என்ற அக்கறையில் வந்த ஆணை அது. பின்னர் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கிவிட்டது. நீக்கியதே சரி. உபசரிப்பை ஆணையால் வரவழைக்க முடியாது. அடிபட்டு வெளியே வந்த பெண்ணுக்கு, அடித்தவனுக்குச் சோறு போடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நாளை, நேரத்தை, இடத்தை, கூட்டிவருகிற ஆளை நீதிமன்றம் கட்டளையிடலாம். மனதைக் கட்டளையிட முடியாது. நம் நீதிமன்ற ஆணைகளில் இது தலைகீழாக இருப்பதைப் பார்க்கிறோம். அறிவுரை ஒரு பக்கம் நீளும். சந்திப்பு விவரம், 'மாதம் இருமுறை பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். எந்த இருமுறை, எங்கே, காய்ச்சல் வந்தால் எப்போது ஈடு என்று எழுதாத ஆணை, மறுக்க நினைப்பவருக்கு எழுதிக்கொடுத்த அனுமதிச் சீட்டு.

அடுத்து, இப்போது நம் நீதிமன்றங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம். பிள்ளையின் மனதில் மற்றவரைப் பற்றி விஷத்தை ஏற்றுகிறார் என்ற குற்றச்சாட்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் இதற்கு 'பெற்றோர் அந்நியப்படுத்தல் நோய்க்குறி' என்ற பெயர் கொடுத்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2017இல் இதை எடுத்தாண்டது. பிள்ளை கேட்க ஒருவரை இன்னொருவர் தூற்றுவது உண்மையிலேயே நடக்கிறது, அது பிள்ளைக்குக் கொடுமை, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதை நோயாக்கி முத்திரை குத்துவதை நான் ஏற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் தன் நோய்ப் பட்டியலின் சொல்லடைவிலிருந்து 'பெற்றோர் அந்நியப்படுத்தல்' என்ற சொல்லை நீக்கிவிட்டது. பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம், 2023ஆம் ஆண்டு அறிக்கையில், வன்முறையைச் சொல்லிக் காட்டும் தாய்மார்களையே குற்றவாளியாக்க இந்த வாதம் பயன்படுத்தப்படுவதைக் கண்டித்தார். நம் உச்ச நீதிமன்றமும் 2024இல், பெற்றோரில் ஒருவர்மீது அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தக் கூடாது, நடந்த செயல்களைப் பார்க்க வேண்டும் என்று எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையையே நான் அளவுகோலாகக் கொள்வேன். பிள்ளை பயப்படுகிறது என்றால் எதைப் பார்த்துப் பயந்தது என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் ஒன்றும் இல்லாமல், ஒவ்வொரு சந்திப்பு நாளிலும் மட்டும் காய்ச்சல் வருகிறது என்றால் பிறகு பெற்றவரைக் கேளுங்கள்.

நான்காவது வாசலான கூட்டுக் காவலைச் சட்ட ஆணையம் 2015 மே மாதத்தில் தன் 257ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பிரிந்தவர்கள் இருவரும் சேர்ந்து வளர்ப்புத் திட்டம் ஒன்றை எழுதிக்கொள்ளும் முறையையும் விவரித்தது. சட்டமாக இன்னும் வரவில்லை. ஒத்துப்போகிற இருவருக்கு அது அருமையான ஏற்பாடு, அதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருக்க வேண்டும். ஆனால் எல்லா வழக்கிலும் கூட்டுக் காவலிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதச் சொல்கிறார்களே, அதை நான் எதிர்க்கிறேன். ஆஸ்திரேலியா 2006இல் இருவருக்கும் சமப் பொறுப்பு என்பதை முன்னனுமானமாகச் சட்டத்தில் எழுதியது. வன்முறை இருந்த குடும்பங்களிலும் அது நேரத்தைச் சமமாகப் பிரிப்பதாகப் புரிந்துகொள்ளப்பட்டு, பிள்ளைகள் ஆபத்தில் தள்ளப்பட்டதால், 2023இல் திருத்தி அந்த அனுமானத்தையே எடுத்துவிட்டது. அங்கே சமூகப் பணியாளர்களும் மேற்பார்வைச் சந்திப்பு மையங்களும் உண்டு. அவை இருந்தும் சறுக்கியது. ஒரு மையமும் இல்லாத கரிசல் காட்டில், பள்ளி மாறினால் டி.சி. வாங்குவதற்கே இரண்டு வீடும் மல்லுக்கட்டும் இடத்தில், ஒவ்வொரு முடிவுக்கும் இரண்டு கையெழுத்து என்றால் ஒத்துழைக்காதவர் கையில் இன்னொரு பூட்டைக் கொடுத்ததாகிவிடும்.

ஆக, என் தீர்ப்பு இது. பஞ்சாயத்தும் காவல் நிலையமும் குழந்தைக் காவலை முடிவு செய்யும் இடங்கள் அல்ல. கூட்டுக் காவல் அனுமானம் இந்த வட்டாரத்துக்கு இப்போது வேண்டாம். நீதிமன்ற ஆணையே வழி. ஆனால் இன்றைக்கு எழுதப்படும் விதத்தில் அல்ல, இன்றைக்கு நடத்தப்படும் தூரத்திலும் அல்ல.

எழுதப்படும் விதம் என்றால், வக்கீலிடம் போகும் தாயோ தகப்பனோ முதல் மனுவிலேயே விவரமாகக் கேட்க வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று மட்டும் அல்ல. யார் கொண்டுவந்து விடுவது என்பது முக்கியம், சண்டைக்கார மாமனோ சித்தப்பனோ வரக் கூடாது என்று எழுதுவது அதைவிட முக்கியம். தவறிய சந்திப்புக்கு அதே மாதத்தில் ஈடு. வாரத்தில் இரண்டு நாளாவது வீடியோ அழைப்பு, பிரிந்திருப்பவர் பிள்ளையோடு வீடியோவில் பேசும் உரிமையை 2020லேயே உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. பொங்கல் யாரிடம், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு யாரோடு, அம்மன் கொடைக்கு எங்கே, முழுப் பரீட்சை லீவில் எத்தனை நாள். இந்த ஊரில் சண்டை வெடிப்பது திருவிழா நாளில், அதனால் திருவிழா நாள் ஆணையில் இருக்க வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் டி.சி. வாங்கவோ பிள்ளையை வெளி மாநிலம் கொண்டுபோகவோ கூடாது என்ற வரி. ஆதார், சாதிச் சான்று, தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல் இருவரிடமும் இருக்க வேண்டும் என்ற வரி. வன்முறை இருந்த வழக்கில் மேற்பார்வையோடு மட்டும் சந்திப்பு. அந்தத் தாய்க்குக் குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் 21ஆவது பிரிவு, கோவில்பட்டியிலேயே இருக்கும் மாஜிஸ்திரேட் முன் தற்காலிகக் காவல் கேட்க வழி தருகிறது, தூத்துக்குடிக்கு அலைய வேண்டியதில்லை.

ஆணை கைக்கு வரும்வரையும் வந்த பிறகும் பெற்றவர் செய்யக் கூடாதவை சில உண்டு. பிள்ளையைக் காட்டவில்லை என்று ஜீவனாம்சத்தை நிறுத்தக் கூடாது, ஜீவனாம்சம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருக்கவும் கூடாது. இரண்டும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை, ஒன்றுக்கொன்று ஈடு அல்ல. பள்ளி வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டு போவது நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் உங்கள் வழக்கைக் கெடுக்கும். போனது, காத்திருந்தது, கதவு திறக்காதது எல்லாவற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்பதைக் கோபமில்லாமல் கேளுங்கள். நாளைக்கு நீதிபதி படிக்கப்போவதும், இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் பிள்ளையே படிக்கப்போவதும் அந்தச் செய்திகள்தான்.

அடுத்தது தூரம். இங்கேதான் பஞ்சாயத்தின் நல்ல பாதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டியிலேயே, தீப்பெட்டி ஆபீசுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில், நடுநிலையான ஓர் அறை. வட்ட சட்டப் பணிகள் குழுவின் சட்டத் தன்னார்வலர் ஒருவர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு பெண் பணியாளர். பிள்ளையைக் கொண்டுவந்தார்களா, எத்தனை மணிக்கு, பிள்ளை எப்படி இருந்தது என்று ஒரு பதிவேடு. கணவனும் மனைவியும் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் பத்து மணிக்கு விட்டுவிட்டுப் போகலாம், மற்றவர் கால் மணி கழித்து வரலாம். அந்தப் பதிவேடு நீதிபதிக்குப் போனாலே பாதி ஒத்துழையாமை தானாக அடங்கும், யார் பொய் சொல்கிறார் என்பது எழுத்தில் தெரிந்துவிடும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நீதிபதியும் ஆட்சியரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை மக்களுக்கு அரை மணி, ஒரு மணி பஸ் தூரம்.

சட்டத்தில் மாற வேண்டியது அந்த 45ஆவது பிரிவு. பிள்ளையைக் காட்டாமல் மறைத்ததற்கான தொகை, மற்றவருடைய போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டுவதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தவறிய சந்திப்புக்கும் கூடுதல் நாள் தானாகச் சேர வேண்டும். பலமுறை காரணமில்லாமல் மறுத்தால் காவலே மறுபரிசீலனைக்கு வரும் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். பார்க்கும் மனுவுக்கும் 60 நாள் கெடு வேண்டும். வன்முறைப் பயத்தால் மறுத்தவருக்கு இந்தத் தண்டனை எதுவும் பொருந்தக் கூடாது, அவர் அந்தப் பயத்தை முதல் வாய்தாவிலேயே சொல்ல வாய்ப்பு வேண்டும். தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் மக்களவை உறுப்பினருக்கும் ரோடும் குடிநீரும் கேட்டு மனு கொடுக்கிறோம். இதையும் ஒரு மனுவாகக் கொடுங்கள்.

அதுவரைக்கும் யாரும் பணமில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் அதிகார அமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் வக்கீல் இலவசம். பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கும் அப்படியே, மற்ற ஆண்களுக்கு வருமான வரம்புக்குள் உண்டு. நேரில் போக முடியாதவர்கள் அழைக்க வேண்டிய எண் 15100.